சைக்கிளைக் காட்டுமுன் வேலையைக் கேளுங்கள்

2022ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களை நம் நாட்டு வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக உயர்ந்தது. கையில் சல்லி இருந்தாலும் பெற்றோல் இல்லை. எரிபொருள் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசை. கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. எல்லா வியாபாரமும் படுத்துக் கிடந்த அந்த நாட்களில் சூடாக நடந்தது சைக்கிள் வியாபாரம் மட்டும்தான்.

எனது ஹார்ட்வெயார் கடையில் ஒரு மூலை, வாப்பாவின் காலம் தொட்டே சைக்கிள் சாமான்களுக்கு உரியது. டயர், டியூப், செயின், பெடல், கம்பி என்று விற்று வந்தேன். முழுச் சைக்கிள் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ போகும். ஜூலை மாதம் கொழும்பிலுள்ள மொத்த வியாபாரி ஒருவர் கோல் எடுத்து, "12 மவுண்டன் சைக்கிள் இருக்கு, உடனே காசு போட்டால் லொறியில் ஏற்றுகிறேன்" என்றார். போட்டேன். வந்த 12 சைக்கிளும் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன. அந்த மூன்று நாள் இலாபத்தை எண்ணி அன்று சந்தோஷப்பட்டேன். அதில் ஒரு சைக்கிளை விற்ற விதத்தை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். அதைச் சொன்னால்தான் இவ்வாரம் நான் சொல்ல வந்த விடயம் விளங்கும்.

ஒரு மீன் வியாபாரியின் கதை

எங்கள் ஊர் கடற்கரையில் மீன் எடுத்து, சம்மாந்துறைப் பக்கத்து வயற்கிராமங்களில் விற்கும் ஒரு தம்பி. வழமையாக மோட்டார் சைக்கிளில் போவார். பெற்றோல் இல்லாமல் இரண்டு கிழமை வீட்டில் இருந்துவிட்டு, மனைவியின் காப்பை அடகு வைத்த சல்லியோடு கடைக்கு வந்தார்.

"காக்கா, பெட்டி கட்டிக்கொண்டு போகணும். இது தாங்குமா?" என்று கேட்டார்.

தாங்காது என்று எனக்குத் தெரியும். ரெஜிபோம் பெட்டியில் மீனும் ஐஸுமாக 40 கிலோ பின்னுக்கு ஏறும். கிறவல் பாதையில் தினமும் போக வர 25 கிலோமீற்றர். அதற்கு வேண்டியது நமது பழைய பெரிய சைக்கிள். என்னிடம் அது இருக்கவில்லை. "புதுச் சாமான் தம்பி, ஒன்றும் ஆகாது. கெரியர் ஒன்று பூட்டித் தாறேன்" என்றேன். கெரியருக்கும் காசு எடுத்தேன்.

ஐந்தாவது கிழமை பின்சில்லின் அச்சு முறிந்தது. பெட்டி கவிழ்ந்து மீன் முழுவதும் கிறவலில் கொட்டியது. அன்றைய முதல் போய்விட்டது. மறுநாள் மீன் எடுக்கக் கையில் ஒன்றுமில்லை. ஆனால் அவர் என்னிடம் வந்து சண்டை பிடிக்கவில்லை. வேறு கடையில் அச்சு வாங்கிப் போட்டார். பத்து நாளில் அதுவும் வளைந்தது. இவ்வளவும் எனக்குத் தெரிய வந்தது அவருடைய உம்மா என் வீட்டில் வந்து சொன்ன பிறகுதான். ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். "காக்கா தெரியாமல் தந்திருப்பார்" என்று சொன்னாராம் அந்தப் பிள்ளை.

தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்த வியாபாரியின் சம்பவத்தை நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். நான் விற்ற சைக்கிளில் ஈரம் எதுவும் இல்லை. சைக்கிள் நல்ல சைக்கிள். ஆனால் அவருடைய வேலைக்கு அது பொருந்தாது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மறைத்தது அதைத்தான். பொருளின் குறையை மறைப்பது மட்டும் மோசடி, பொருத்தமின்மையை மறைப்பது வியாபாரத் தந்திரம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அப்படிப் பிரிப்பதற்கு எனக்கு ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை.

முதலில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

அதன் பிறகு கடையில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். யார் சைக்கிள் கேட்டு வந்தாலும் சைக்கிளைக் காட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்போம். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்? எப்படிப்பட்ட பாதை? எவ்வளவு பாரம்? ஓடப் போவது யார்? வாங்குபவரும் இந்த நான்குக்கும் பதிலை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் எவரும் அவரை ஏமாற்ற முடியாது.

பாரம் ஏற்றுபவருக்கு: பெரிய சைக்கிள். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் ரலே கம்பனி செய்த அந்த அமைப்பையே பின்னர் இந்தியாவில் ஹீரோ போன்ற கம்பனிகளும் செய்து விற்றன. கனமான இரும்புச் சட்டம், 28 அங்குலச் சில்லு, இரண்டு சில்லுக்கும் இடையில் நீண்ட இடைவெளி. பாரத்தோடு ஓடும்போது ஆடாமல் நேரே போவதற்குக் காரணம் அந்த நீளம்தான். பழைய பிரித்தானியச் சைக்கிள்களில் முன்சில்லுக்கு 32 கம்பியும் பின்சில்லுக்கு 40 கம்பியும் இருக்கும். பாரம் பின்னுக்கு விழுகிறது என்பதை அறிந்து செய்திருக்கிறார்கள். கெரியரின் கால்கள் அச்சு வரை இறங்கிப் பூட்டப்பட்டிருக்கும்.

கியர் சைக்கிளில் அந்தத் தம்பிக்கு அச்சு முறிந்ததன் காரணமும் இங்கேதான் உள்ளது. விலை குறைந்த கியர் சைக்கிள்களில் 6 அல்லது 7 பல்சக்கரங்கள் கொண்ட பிரீவீல், சில்லின் வலது பக்கத்தில் திருகப்பட்டிருக்கும். அத்தனை பல்சக்கரத்துக்கும் இடம் விட்டு, குண்டுகள் ஓடும் இடம் உள்ளே தள்ளிப் போகிறது. அதனால் வலது பக்கத்தில் அச்சின் ஒரு நீளம் தாங்குதல் இல்லாமல் நிற்கிறது. பாரம் ஏறி, குழியில் விழ விழ அந்த இடத்தில் அச்சு வளையும், பிறகு முறியும். ஒற்றைப் பல்சக்கரம் உள்ள பெரிய சைக்கிளில் அந்த வெறும் நீளம் மிகக் குறைவு.

மேடு பள்ளம் ஏறுபவருக்கு: கியர் சைக்கிள். மாவனல்லை, கண்டிப் பக்கத்துச் சகோதரர்களுக்கு ஒற்றைக் கியர் சைக்கிளை விற்றால் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போவார்கள். முன்னுக்கு 3, பின்னுக்கு 7 என்றால் 21 கியர் என்று எழுதியிருக்கும். இதில் பல ஒன்றுக்கொன்று சமமாகவே வரும். 21 வெவ்வேறு வேகம் என்று எண்ணி அதற்குக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். முக்கியமானது, முன்னுக்கு மிகச் சிறிய பல்சக்கரமும் பின்னுக்கு மிகப் பெரிய பல்சக்கரமும் சேரும்போது மேட்டில் லேசாக மிதிக்க முடிகிறதா என்பதுதான். சமதரையான நமது கிழக்குக் கரையில் மேடு இல்லை என்றாலும் கச்சான் காற்று இருக்கிறது. கடற்கரையிலிருந்து மேற்கே வயற்பக்கம் போகிறவருக்கு அந்தக் காற்று ஒரு மேடுதான். அதனால் காற்றுக் காலத்தில் நீண்ட தூரம் போகிறவர், பாரம் அதிகம் இல்லையென்றால், கியர் உள்ளதை யோசிக்கலாம்.

கிறவலில் ஓடும் இளைஞருக்கு: மவுண்டன் சைக்கிள். அகலமான டயர் குழியைத் தாங்கும், மணலில் புதையாது. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங் உள்ளதைக் கண்டு மயங்க வேண்டாம். விலை குறைந்த ஸ்பிரிங் சைக்கிளின் பாரத்தைக் கூட்டும்; மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங் அமுங்கி எழுவதிலேயே போய்விடும். பின்னுக்கு ஸ்பிரிங் உள்ளதில் பாரம் தாங்கும் கெரியரை ஒழுங்காகப் பூட்டவும் முடியாது. தார் வீதியில் கடைக்கும் பள்ளிக்கும் போய் வருபவருக்கு ஸ்பிரிங் தேவையே இல்லை.

தார் வீதியில் நீண்ட தூரம், வேகமாக, பாரமில்லாமல் போகிறவருக்கு: மெல்லிய டயர் சைக்கிள். முன்னுக்குக் குனிந்து ஓடுவதால் காற்று குறைவாகப் பிடிக்கும். அதே குனிவு இடுப்பு வலி உள்ளவருக்கு ஆகாது. 50 வயதைத் தாண்டியவர் உடற்பயிற்சிக்கென்று கேட்டு வந்தால், ஹேண்டில் சற்று உயர்ந்த, நிமிர்ந்து இருந்து ஓடக்கூடிய சைக்கிளே நல்லது.

பெண்களுக்கும் சாரன் உடுத்து ஓடும் பெரியவர்களுக்கும்: குறுக்குப் பார் இல்லாத சைக்கிள். இங்கே அழகை விட முக்கியமானது செயின் கவர். அபாயாவோ சாரனோ செயினில் சிக்கினால் விழுவது நடுவீதியில்தான். செயினை முழுதாக மூடும் கவரும், பின்சில்லின் இரு பக்கமும் துணி போகாமல் தடுக்கும் வலையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

உடம்புக்குப் பொருந்துகிறதா?

சட்டை வாங்கும்போது அளவு பார்க்கிறோம்; சைக்கிள் வாங்கும்போது நிறம் பார்க்கிறோம். சைக்கிளின் பாருக்கு மேலாக இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி நின்று பார்க்க வேண்டும். தார் வீதிச் சைக்கிளானால் பாருக்கும் உடம்புக்கும் இடையில் ஓர் அங்குலமாவது, மவுண்டன் சைக்கிளானால் இரண்டு மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

சீட்டின் உயரத்துக்கு இலகுவான ஒரு வழி உண்டு. சீட்டில் இருந்து, பெடலைக் கீழே கொண்டு வந்து, அதில் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடங்கி நிற்கும். அதுதான் சரியான உயரம். சீட்டைப் பதித்து வைத்துக்கொண்டு ஓடுபவர்களுக்குத்தான் முழங்கால் வலி வருகிறது; பழியைச் சைக்கிளின் மேல் போடுகிறார்கள்.

பிள்ளை வளர்ந்துவிடும் என்று பெரிதாக வாங்கிக் கொடுக்கும் வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. கால் எட்டாத சைக்கிளில் பிரேக் பிடித்தாலும் பிள்ளை விழும். அடுத்த வருடம் விற்று மாற்றுவதில் வரும் நஷ்டம், ஆஸ்பத்திரிச் செலவை விடக் குறைவு.

தரத்தைக் கையால் பார்க்கலாம்

நல்ல சைக்கிளா என்பதை ஸ்டிக்கர் சொல்லாது. கடையிலேயே ஐந்து நிமிடத்தில் நீங்கள் பார்க்கலாம். சில்லைத் தூக்கிச் சுற்றி விடுங்கள். ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறையாமல் இருக்க வேண்டும். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஓசை தர வேண்டும். ஒன்று மட்டும் தொய்ந்த ஓசை தந்தால் அங்கேயிருந்துதான் சில்லு கோணத் தொடங்கும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அச்சில் ஆட்டம் இருக்கக்கூடாது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டிலின் கழுத்தில் தட்டும் ஓசை கேட்டால் இறுக்கித் தரச் சொல்லுங்கள். வெல்டிங் பிடித்த இடங்களை விரலால் தடவுங்கள். இடையில் விட்டுப் போகாமல் ஒரே சீராக ஓடியிருக்க வேண்டும்.

ரிம் இரும்பா, அலுமினியமா என்று கேளுங்கள். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் மிகவும் குறைவாகவே பிடிக்கும். அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். சட்டத்தில் இது மாறி வரும். அலுமினியச் சட்டம் பாரம் குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் வெடித்தால் ஊரிலுள்ள சாதாரண வெல்டிங் கடையில் ஒட்ட முடியாது. இரும்புச் சட்டத்தை எந்தக் கிராமத்திலும் ஒட்டலாம். கடற்கரையில் தொழில் செய்பவர் இரும்பை எடுத்தால் உப்பைக் கழுவித் துடைத்து எண்ணெய் போடும் வழக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

பாவித்த சைக்கிள் வாங்குவோர் ஓர் அடிமட்டத்தை எடுத்துச் செல்லுங்கள். செயினின் ஓர் ஆணியின் நடுவிலிருந்து அளந்தால் 24 கண்ணி தள்ளியுள்ள ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். ஓர் அங்குலத்தின் 16இல் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 8இல் ஒரு பங்கு தாண்டியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

26 என்ற இலக்கத்தில் உள்ள பொறி

சாமான் விற்கும் வியாபாரிகளுக்கும் வாங்குவோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பெண்கள் சைக்கிளின் டயரில் 26 × 1⅜ என்றும், மவுண்டன் சைக்கிளின் டயரில் 26 × 1.95 என்றும் இருக்கும். இரண்டும் 26தான் என்று எடுத்துப் போனால் பூட்டாது. டயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் மில்லிமீற்றர் அளவும் இருக்கும். முதலாவது 590, இரண்டாவது 559. வித்தியாசம் 31 மில்லிமீற்றர். அதேபோல் பெரிய சைக்கிளின் 28 × 1½ என்பது 635. புதிதாக வரும் மெல்லிய டயர் சைக்கிள் 622. அதற்கும் சிலர் 28 என்றே சொல்கிறார்கள். செயினிலும் இப்படித்தான். ஒற்றைக் கியர் செயின் அகலம், கியர் சைக்கிளின் செயின் ஒடுக்கம். மில்லிமீற்றர் இலக்கத்தைப் பார்த்து விற்றால் திரும்பி வரும் சாமான் பாதியாகக் குறையும். எனது அனுபவம் இது.

எனவே சைக்கிள் வாங்குமுன் உங்கள் ஊர்த் திருத்தும் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்: இந்த டயரும் பிரேக் கட்டையும் இங்கே கிடைக்குமா? கிடைக்காத சாமான் பூட்டிய சைக்கிள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தொழிலுக்கு ஆகாது.

விலையை மாதத்தால் பிரித்துப் பாருங்கள்

கடைக்கு டெலிவரிச் சைக்கிள் வாங்கும் முதலாளிமார் விலைச்சீட்டை மட்டும் பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 40,000 ரூபா சைக்கிள் ஒன்று உங்கள் வேலைக்கு 2 வருடம் தாங்குகிறது, மாதம் 1,500 ரூபா திருத்தச் செலவு. மொத்தம் 76,000, 24 மாதத்தால் பிரித்தால் மாதம் 3,167 ரூபா. 65,000 ரூபா சைக்கிள் 6 வருடம் தாங்குகிறது, மாதம் 500 ரூபா திருத்தம். மொத்தம் 101,000, 72 மாதத்தால் பிரித்தால் 1,403 ரூபா. மலிவானது எது என்று இப்போது சொல்லுங்கள். சைக்கிள் திருத்தத்தில் நிற்கும் நாட்களில் பையன் சும்மா இருக்கும் கூலியை நான் இதில் சேர்க்கவில்லை. உங்கள் விலைகளைப் போட்டு நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

இதே கணக்கு சில நேரம் மறுபக்கம் திரும்பும். கிழமைக்கு ஒரு நாள் சந்தைக்குப் போய் வருபவர் 65,000 கொடுக்கத் தேவையில்லை. அவரிடம் உயர்ந்ததைத் தள்ளுவதும் நான் செய்த அதே பிழைதான்.

அந்தத் தம்பி

அந்த உம்மா வந்து சொன்ன அன்று அஸருக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். "தம்பி, நான் தெரியாமல் தரவில்லை. தெரிந்துதான் தந்தேன்" என்று சொன்னேன். கடை திறந்த நாளிலிருந்து இவ்வளவு கஷ்டமான ஒரு வார்த்தையை நான் சொன்னதில்லை. அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே பார்த்து, "காக்காவுக்கு டீ ஊத்துங்க" என்றார்.

அந்த மவுண்டன் சைக்கிளைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் வீட்டில் சும்மா நின்ற பெரிய சைக்கிளைப் பேசி வாங்கி, பின்சில்லை 40 கம்பியில் புதிதாகக் கட்டி, அச்சு வரை கால் இறங்கும் கெரியர் ஒன்றை வெல்டிங் கடையில் அடித்துக் கொடுத்தேன். கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டமாகத்தான் இருக்கிறது. காப்பை மீட்க அவருக்கு எட்டு மாதம் சென்றது. அந்த எட்டு மாதத்தில் ஐந்து கிழமையாவது என்னால் கூடியது.

பெற்றோல் வந்த பிறகு அவர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அந்தப் பெரிய சைக்கிளை விற்கவில்லை. கிட்டிய கிராமங்களுக்கு அதில்தான் போகிறார். சாமான் வாங்க இன்றும் என் கடைக்கே வருகிறார். சில நேரம் கூட ஒரு மீன் வியாபாரியையும் அழைத்து வந்து, "காக்கா முதலில் கேள்வி கேட்பார், கோபிக்காமல் பதில் சொல்லுங்க" என்கிறார்.

சகோதர வியாபாரிகளே, நீங்கள் விற்பது சைக்கிளாக இல்லாமல் இருக்கலாம். பெயின்ட், தண்ணீர் மோட்டார், தையல் இயந்திரம் எதுவாகவும் இருக்கட்டும், "இது எந்த வேலைக்கு?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு விற்றுப் பாருங்கள். சில நாள் ஒரு விற்பனை கைநழுவும். எனக்கும் நழுவியது. நம்மை நம்பி வருபவருக்கு நல்லதைச் சொல்வதும் ஒரு நஸீஹத்துத்தான். நமது கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.